கார்டுக்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ்ஸா, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏற்ற கார்டா?

பாலக்கோட்டில் திருமண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் என் மைத்துனர், வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் தம் எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டார். எந்தக் கார்டு என்பதைப் பற்றி அவர் நிறையப் படித்திருந்தார். கேபினெட்டுக்குள் இருந்து எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டைத் தாங்குமா என்பதை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். எங்கள் பகுதியில் கார்டு மாற்றும் பெரும்பாலானோர் இப்படித்தான் செய்கிறார்கள். வரிசையை மாற்றி, எஸ்எம்பிஎஸ்ஸையும் அதற்குப் பின்னால் இருக்கும் இன்வெர்ட்டரையும் முதலில் பார்த்துவிட்டுக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் முடிவு எப்படி வேறுபடுகிறது என்பதை அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கைக் கொண்டே இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் இருப்பது இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, ஒரு எஸ்எஸ்டி, திருமணங்களின் மூலக் காட்சிகளைச் சேமித்து வைத்திருக்கும் மூன்று ஹார்டு டிஸ்குகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் பொருத்திய, ஆறு ஆண்டுகளாக உழைத்துவரும் 450 வாட் பிரான்ஸ் (வெண்கலம் என்ற திறன் சான்று) தர எஸ்எம்பிஎஸ் ஒன்று. முன்னால் இருந்த வழிகள் மூன்று. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் அடங்கும் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டை வாங்குவது ஒன்று. புதிய 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டின் 16 ஜிபி வகையை வாங்குவது மற்றொன்று. பெங்களூருவில் யாராவது விற்கும் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டைக் குறைந்த விலைக்கு எடுத்து, அதற்காகப் பெரிய எஸ்எம்பிஎஸ் போடுவது மூன்றாவது.

எந்த வழியில் போனாலும் முதலில் படிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணை. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்துவிட்டுப் பலரும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், அந்தத் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதை 12 ஆல் பெருக்கினால் கிடைப்பதே நமக்குப் பயன்படும் அளவு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அது 34 முதல் 37 ஆம்பியர் வரை, அதாவது 400 வாட்டைத் தாண்டி இருக்கும். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்களின் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் நான் வாங்கிய கேபினெட் ஒன்றில் இருந்ததன் மேல் 450 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். 12 வோல்ட் வரிசையிலோ 16 ஆம்பியர், அதாவது 192 வாட். அதை நம்பி நடுத்தரக் கார்டு ஒன்றைப் பொருத்தினேன். ஒரு மாலை அது கருகிய வாடையோடு நின்றபோது மதர்போர்டும் சேர்ந்து போயிற்று. அந்த வகை எஸ்எம்பிஎஸ்ஸை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகக்கூட நான் எண்ணவில்லை. அதைக் கழற்றி வைப்பதே கார்டு மாற்றத்தின் முதல் செலவு.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐ5 12400எஃப் பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்று சொல்லப்பட்டாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. எடிட்டிங் முடிந்து வீடியோவை ரெண்டர் செய்யும்போது, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது, அந்த அளவை நெருங்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மதர்போர்டு, ராம், டிஸ்குகள், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 70 வாட் ஒதுக்கலாம். இப்போதிருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட். ஆக இதுவரை அந்த எஸ்எம்பிஎஸ் சுமந்தது அதிகபட்சம் 262 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டுக்கு 145 வாட் என்பதால் மொத்தம் 332 ஆகும். 5060 டிஐ கார்டுக்கு 180 என்பதால் 367 ஆகும். ஆர்டிஎக்ஸ் 3080 மட்டுமே 320 வாட் எடுக்கும் என்பதால் மொத்தம் 507 வாட்டுக்குப் போய்விடும்.

இந்த எண்களோடு கார்டு நிறுவனத்தின் பரிந்துரையை ஒப்பிட்டால் பலருக்குக் குழப்பம் வரும். இந்தக் கார்டுகளை வடிவமைக்கும் என்விடியா 5060 கார்டுக்கு 550 வாட், 5060 டிஐ கார்டுக்கு 600 வாட், 3080 கார்டுக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது. நம் கணக்கில் வருவதைவிட இவை இருநூறு வாட்டுக்கும் மேல் அதிகம். வாங்குபவரின் பெட்டிக்குள் எந்தப் பிராசசர் இருக்கும், எத்தகைய எஸ்எம்பிஎஸ் இருக்கும் என்பது கார்டு செய்பவருக்குத் தெரியாது; பெரிய பிராசசரையும் சுமாரான எஸ்எம்பிஎஸ்ஸையும் மனத்தில் வைத்தே அவர் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பிராசசர் சிறியதாகவும் எஸ்எம்பிஎஸ் தரமானதாகவும் இருந்தால் பரிந்துரைக்குச் சற்றுக் கீழே போவதில் தவறில்லை. ஆனால் அந்த உபரி முழுவதும் வீண் என்று நினைத்துவிடவும் கூடாது. கார்டுகள் எடுக்கும் மின்சாரம் ஒரே சீராக இருப்பதில்லை. நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அறிவிக்கப்பட்ட அளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு வரை பாய்ந்துவிட்டுத் திரும்பும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்த காலத்தில், கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்ததற்கு இந்தப் பாய்ச்சலே முக்கியக் காரணம். எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பெரிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்று வகுத்தது. அடுத்த ஆண்டு வந்த 3.1 பதிப்பு, பெரிய கார்டுகளுக்கு மின்சாரம் தரும் 16 பின் இணைப்பின் ஊசிகளைத் திருத்தி, அது முழுவதும் உட்காராமல் இருந்தால் கார்டு மின்சாரம் எடுக்காதபடி செய்தது.

முதல் வழியைப் பார்ப்போம். 450 வாட்டில் 332 என்றால் நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. 5060 கார்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு 8 பின் இணைப்பு கேட்பவை; அந்த இணைப்பு 150 வாட்டும் மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்டும் தரும் என்பதால் 145 வாட் கார்டுக்கு அதில் எந்த நெருக்கடியும் இல்லை. அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸிலும் 6, 2 என்று பிரியும் அந்தக் கேபிள் ஒன்று இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிக்கனமான, சரியான முடிவு. சென்னையிலோ பெங்களூருவிலோ கரண்ட் போகாத அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் தயங்காமல் இதையே சொல்லியிருப்பேன்.

பாலக்கோட்டில் அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே ஸ்டுடியோவின் மின்சாரம் ஒரு நாளில் எத்தனை முறை லைனிலிருந்து இன்வெர்ட்டருக்கும், இன்வெர்ட்டரிலிருந்து லைனுக்கும் மாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மின்சாரம் நின்றதற்கும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்கும் இடையில் உள்ள மிகச் சிறிய இடைவெளியில், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று தன்னிடம் சேர்ந்திருக்கும் மின்சாரத்தைக் கொண்டு கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு இந்தத் தாங்கும் நேரம் ஏறத்தாழ 16, 17 மில்லிநொடி. அந்தக் கெப்பாசிட்டரில் உள்ள இருப்பு மாறாதது. எடுக்கும் அளவு அதிகமானால் சீக்கிரம் தீரும். 262 வாட் சுமையில் 20 மில்லிநொடி தாங்கிய அதே எஸ்எம்பிஎஸ், 332 வாட்டில் சுமார் 16 மில்லிநொடிதான் தாங்கும். ஆறு கோடைகளைக் கண்ட கெப்பாசிட்டரின் கொள்ளளவும் முன்பு போல இருக்காது. புதிய கார்டு போட்ட பிறகு, இதுவரை கரண்ட் போனபோதெல்லாம் சமாளித்த கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கினால், கார்டில் கோளாறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். குறைந்துபோன இந்தச் சில மில்லிநொடிகளை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதில் இன்வெர்ட்டரின் பங்கும் உண்டு. வீடுகளில் இருக்கும் பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். சாதாரண நிலையில் விட்டால் மின்விசிறி, விளக்குகளுக்குப் போதும் என்று அது மெதுவாக மாறும், கம்ப்யூட்டருக்கான யூபிஎஸ் நிலையில் வைத்தால் வேகமாக மாறும். யூபிஎஸ் நிலையில் லோ வோல்டேஜைப் பொறுக்காமல் அடிக்கடி பேட்டரிக்குப் போய்விடும் என்பதால், மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் பலர் அதைச் சாதாரண நிலைக்கே தள்ளிவைத்துவிடுகிறார்கள். என் மைத்துனரின் ஸ்டுடியோவிலும் அப்படித்தான் இருந்தது. வோல்டேஜ் இறங்கும் விஷயத்திலும் எஸ்எம்பிஎஸ்களுக்குள் வேறுபாடு இருக்கிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்று குறிப்பிடப்பட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ், சுவரில் 180 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரை ஏறத்தாழ 400 வோல்ட்டில் நிறுத்திவைக்கும். பின்புறம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ள பழைய வகையில் அந்த ஏற்பாடு கிடையாது. லைன் இறங்கினால் கெப்பாசிட்டரின் வோல்டேஜும் இறங்கி, தாங்கும் நேரமும் குறையும். அதே வேளையில், ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில, மின்சாரத்தை வளைந்த அலையாகத் தராமல் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட மறுப்பதும் உண்டு. ஆகவே இன்வெர்ட்டரை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் லைன் மின்சாரத்தைப் போன்ற சீரான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் வகைக்குப் போவது நல்லது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தபோது இரண்டாம் வழி அவருக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 367 வாட் என்பது 56 சதவீதச் சுமைதான். முழுச் சுமையில் விதிக்கப்பட்ட அளவு தாங்கும் ஒன்று, பாதிக்குச் சற்று மேலான சுமையில் அதைவிட நன்றாகவே தாங்கும். 5060 டிஐ கார்டின் 16 ஜிபி நினைவகம் 4கே காட்சிகளில் நிறத்திருத்தம் செய்பவருக்கு உதவும். இந்த 50 வரிசைக் கார்டுகள், திருமணப் படப்பிடிப்புக் கேமராக்கள் இப்போது பதிவுசெய்யும் நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 வீடியோவைக் கார்டிலேயே விரித்துவிடுவதும் முக்கியமானது. அவருடைய எஃப் வகைப் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், அந்த வேலையைச் செய்ய வேறு பகுதி எதுவும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. 600 வாட்டோடு நிற்காமல் 650 என்று சொன்னதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாளை 250 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5070 போன்ற கார்டுக்குப் போனாலும் மொத்தம் 437 வாட்தான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஏழு, பத்து ஆண்டுகள் வரை வாரண்டி தருகிறார்கள். அதற்குள் இரண்டு கார்டுகளாவது மாறிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் விலையோ கார்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

மூன்றாம் வழியில் ஆசை காட்டுவது விலை ஒன்றுதான். பழைய 3080 கார்டின் வேகம் நல்ல வேகமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 507 வாட் சுமைக்கும் அதன் பாய்ச்சலுக்கும் 750 வாட்டுக்குக் குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கே போகும். இன்வெர்ட்டர் அந்தச் சுமையை எடுக்க வேண்டும், பேட்டரி அதற்கேற்ப இருக்க வேண்டும். ஏசி இல்லாத அறையில் பங்குனி, சித்திரை வெயிலோடு முன்னூறு வாட் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பழைய கார்டின் பில்லும் வாரண்டியும் கைமாறுமா என்பது விற்பவரைப் பொறுத்தது. முகூர்த்த நாட்களின் நடுவில் கார்டு நின்றால், கிருஷ்ணகிரியைத் தாண்டித் தொண்ணூறு கிலோமீட்டர் பெங்களூருவுக்குப் போய் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் கொடுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 367 வாட் வெளியே வர வேண்டுமானால், இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து 408 வாட் போக வேண்டும். மானிட்டரையும் சேர்த்தால் 440 ஐத் தொடும். பழைய கார்டோடு சமாளித்த அந்த யூபிஎஸ், புதிய கார்டோடு ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அலறிவிட்டு அணைந்துவிடும். 1100 வி.ஏ. வகைகளில் 660 வாட் வரை கிடைக்கும் என்பதால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

கோல்டு, பிரான்ஸ் என்ற தரச் சான்றைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை பரவியிருப்பதால் அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். இந்தச் சான்றுகளைத் தரும் 80 பிளஸ் விதிப்படி, 115 வோல்ட்டில், பாதிச் சுமையில், பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் திறன் காட்ட வேண்டும், அதாவது சுவரிலிருந்து எடுப்பதில் அத்தனை சதவீதத்தைப் பாகங்களுக்குத் தர வேண்டும். 367 வாட் சுமைக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 24 வாட். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் முழுச் சுமையிலேயே ஓடினாலும், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் மிச்சமாவது பதினொன்றரை யூனிட். மின்கட்டணத்துக்காகக் கோல்டு வாங்குவதில் பெரிய பொருள் இல்லை. அந்தச் சான்று திறனை மட்டுமே அளக்கிறது. மின்சாரத்தின் தூய்மையையோ, ஷார்ட் ஆனால் நின்றுகொள்ளும் பாதுகாப்புகளையோ அது சோதிப்பதில்லை. சோதனை நடப்பதும் 23 டிகிரி வெப்பத்தில். நம் ஊர் ஏப்ரல் மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே கோல்டு முத்திரையைவிட, முழு வாட்டையும் எத்தனை டிகிரி வெப்பத்தில் தரும் என்று நிறுவனம் உறுதியளிக்கிறது என்பதைப் பாருங்கள். 40 அல்லது 50 டிகிரி என்று எழுதியிருந்தால் அதுவே நமக்கான பொருள்.

கேபிள்களில் நடக்கும் தவறுகள் எஸ்எம்பிஎஸ் தேர்வில் நடப்பவற்றைவிட ஆபத்தானவை. டிஸ்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் சிறிய அடாப்டர்கள் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அந்த இணைப்பு 12 வோல்ட்டில் நான்கரை ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கக்கூடியது. அதிலிருந்து 75 வாட்டோ 150 வாட்டோ எடுக்கும் இணைப்பைச் செய்தால் பிளாஸ்டிக் உருகும். கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்கள், பழையதன் கேபிளைப் புதியதில் ஒருபோதும் செருகக் கூடாது. கார்டின் பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்தில் எந்த ஊசியில் எந்த வோல்டேஜ் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும்; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், மூன்று ஹார்டு டிஸ்குகளும் ஒரே நொடியில் போய்விடலாம். ஒரு குடும்பத்தின் திருமணக் காட்சிகள் முழுவதும் அந்த டிஸ்கில் இருக்கும்போது இதை எத்தனை முறை சொன்னாலும் அதிகமாகாது.

கிருஷ்ணகிரியில் படிக்கும் என் அக்கா மகனின் நிலை முற்றிலும் வேறு. அவன் வைத்திருப்பது பெங்களூரு அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட, புதுப்பித்து விற்கப்பட்ட கம்ப்யூட்டர். இத்தகைய பெட்டிகளில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் அளவும் வடிவமும் மதர்போர்டு இணைப்பும் நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே பொருந்தாது, கார்டுக்கான தனிக் கேபிளும் இருக்காது. அங்கே ஸ்லாட்டிலிருந்தே 70 வாட்டை எடுத்துக்கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகையோடு நிறுத்திக்கொள்வதே வழி. அதைவிடப் பெரிய கார்டு வேண்டுமென்றால் பணத்தைச் சேர்த்துவைத்து வேறு கம்ப்யூட்டர் கட்டுவது நல்லது.

ஸ்டுடியோவுக்கு ஏடிஎக்ஸ் 3.1 விதிப்படியான 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வரவழைத்து, பழைய கார்டோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே 5060 டிஐ கார்டை வாங்கினோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதில் குறை என்று பிரித்தறிய முடியாது. இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினோம். ஸ்டுடியோவின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்தோம், இருக்கவில்லை, அதைச் சரிசெய்தோம். கார்டு பொருத்திய அன்று, டிஸ்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் இருந்த ஒரு 4கே காட்சியை ரெண்டருக்குப் போட்டோம். அது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கி, ஏற்றி, மீண்டும் இறக்கினோம். நான்கு முறை செய்தும் ரெண்டர் நிற்கவில்லை. அதன் பிறகே மூன்று டிஸ்குகளையும் இணைத்தோம்.